ரௌட்டரில் எண் எழுதினால் மட்டும் போதாது

பிள்ளைகள் வந்து போகும் இடத்தில் இணையம் வைத்திருப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். யாரோ ஒரு டெக்னீஷியன் வந்து உங்கள் ரௌட்டரில் சில எண்களை எழுதிவிட்டு, "இனிமே கெட்ட பக்கம் எதுவும் திறக்காது" என்று சொல்லிப் போயிருந்தால், அதை நம்பாதீர்கள். உங்கள் இணைய நிறுவனம் விட்டு வைத்திருக்கும் வரைதான் அது பூட்டு. 2024 செப்டம்பரில் எனக்கு இது தெரிய வந்தது. தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை, ஒரு டியூஷன் டீச்சர் பல வருடம் சேர்த்து வைத்த நல்ல பெயர்.

ஜொகூர் மாசாயில் ஒரு கடைவீட்டு மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதல் ஐந்தாம் படிவப் பிள்ளைகள் வரை வருகிறார்கள். கோவிட்டுக்குப் பிறகு டேப்லெட் இல்லாமல் வகுப்பு நடக்காது. பள்ளி கொடுக்கும் இடுபணிகளில் பாதிக்கு இணையம் வேண்டும். அதனால் சேர்க்கை நாளன்றே பெற்றோரிடம் ஒரு வாக்குக் கொடுப்பேன்: இங்கே வடிகட்டி இல்லாமல் எந்தப் பிள்ளையும் இணையத்தைத் தொடாது. அது வெறும் விளம்பரமில்லை. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்காக இலவசமாகத் தொடங்கிய டிஎன்எஸ் சேவை ஒன்று உண்டு. அதன் எண் 1.1.1.3. ஆபாசப் பக்கங்களையும் வைரஸ் பரப்பும் பக்கங்களையும் அது திறக்க விடாது. காசு கொடுத்து ஆள் வரவழைத்து அதைத்தான் போட வைத்தேன்.

டிஎன்எஸ் என்பது பெரிய வித்தையில்லை. நாம் ஒரு தளத்தின் பெயரை அடிக்கிறோம். அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை யாராவது சொன்னால்தான் கருவி அங்கே போக முடியும். அதைச் சொல்லும் வேலைதான் டிஎன்எஸ். நாம் எதையும் மாற்றாவிட்டால் இணையம் தரும் நிறுவனமே அந்தப் பதிலைச் சொல்லும். மாற்றினால் கூகளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்று நாம் தேர்ந்தெடுத்தவர் சொல்வார். மலேசியாவில் தளங்களை முடக்குவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. முடக்கப்பட்ட தளத்தின் பெயரைக் கேட்டால் நம் நாட்டு நிறுவனங்கள் அசல் முகவரியைத் தராமல் 175.139.142.25 என்ற ஒரே எண்ணைத் தரும். அங்கே போனால் தடை அறிவிப்பு நிற்கும்.

2024-இல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி, இணைய நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. கூகள், கிளவுட்ஃப்ளேர் போன்ற வெளி டிஎன்எஸ்களுக்குப் போகும் கேள்விகளையெல்லாம் செப்டம்பர் 30-க்குள் தங்கள் சொந்த டிஎன்எஸ்ஸுக்குத் திருப்பிவிட வேண்டும். சில நிறுவனங்கள் கெடு வரும்வரை காத்திருக்கவில்லை. செப்டம்பர் முதல் வாரத்திலேயே திருப்பத் தொடங்கிவிட்டன. வாடிக்கையாளரான எனக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

செப்டம்பர் 6 வெள்ளிக்கிழமை. அப்போது ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். சனி, ஞாயிறுக்கு மாறியது 2025-இல். ஆக, சென்டரில் பிள்ளைகள் நிரம்பி வழியும் நாள் அது. இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் அறிவியல் பாடத்துக்குப் படம் தேடிக்கொண்டிருந்தான். ஒரு படத்தைத் தொட்டதும் வேறு பக்கம் விரிந்தது. அதில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். பையன் நல்லவன், டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவன் பக்கத்தில் இருந்தவன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தான்.

அன்றிரவு பெற்றோர் புலனக் குழுவில் அந்தப் படம் வந்தது. "டீச்சர், ஃபில்டர் இருக்குன்னு சொல்லித்தானே காசு வாங்குனீங்க?" என்று ஒரு தாய் எழுதினார். அவருக்கு நான் அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: முதலில் எனக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று கொதித்த படத்தை, பிள்ளைகளின் கைப்பேசிகளும் இருக்கும் குழுவில் அவரே போட்டார். விடிவதற்குள் அது மற்ற குழுக்களுக்கும் போய்விட்டது. சில பிள்ளைகள் அந்த மாதத்தோடு நின்றார்கள். அவர்களில் ஒருவரும் காரணம் கேட்க மாடியேறி வரவில்லை.

இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். வந்து ரௌட்டர் பக்கத்தைத் திறந்து காட்டினார்: 1.1.1.3 போட்டது போட்டபடியே இருந்தது. "செட்டிங் எல்லாம் ஓகே டீச்சர். பையன் ஏதாச்சும் பண்ணியிருப்பான்" என்றார். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. தான் செய்த வேலையின் ஓட்டை தெரியாத மனிதர், பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் பழியைத் தூக்கி வைத்தார்.

உண்மையைக் காட்டியது என் தம்பியின் கைப்பேசி. அவன் உட்லண்ட்ஸில் வேலை செய்கிறான். கையில் சிங்கப்பூர் சிம். அந்த சிம் ஜொகூரில் இருக்கும்போதும் டேட்டா சிங்கப்பூர் நிறுவனம் வழியாகத்தான் போய் வரும். சென்டரின் மடிக்கணினியில் 1.1.1.3 என்று நேரடியாகவே எழுதி, முதலில் எங்கள் வைஃபையில் இணைத்தோம். கறுப்புத் திரையில் என்எஸ்லுக்அப் கட்டளை கொடுத்து, வடிகட்டி தடுக்க வேண்டிய ஒரு தளத்தின் பெயரைக் கேட்டோம். அசல் முகவரி அப்படியே வந்தது. பிறகு அதே மடிக்கணினி, அதே எண், தம்பியின் ஹாட்ஸ்பாட். அதே பெயரைக் கேட்டதற்கு 0.0.0.0 என்று வந்தது. தடுக்கப்பட்ட தளத்துக்கு கிளவுட்ஃப்ளேரின் குடும்ப சேவை தரும் பதில் அதுதான். ஆக, எங்கள் அமைப்பில் குறையில்லை, பையனிடமும் குறையில்லை. வைஃபை வழியாக 1.1.1.3-ஐக் கேட்டபோதெல்லாம் நடுவில் இருந்த நிறுவனம் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு தன் பதிலைக் கொடுத்திருக்கிறது.

இத்தனை சேதத்துக்கும் மூலம் ஒரே பிழை. ரௌட்டரில் எழுதிய எண் எந்த மறைப்பும் இல்லாமல், திறந்த கேள்வியாகவே வெளியே போகிறது. சின்னப் பையனிடம் மளிகைச் சீட்டுக் கொடுத்து முத்து கடைக்கு அனுப்புகிறோம். அவன் சீட்டைப் படித்துவிட்டு வேறு கடையில் சாமான் வாங்கி, முத்து கடையில் வாங்கியதாகக் கொண்டு வந்து வைத்தால் நமக்கு எப்படித் தெரியும்? மறைகுறியீடு செய்த டிஎன்எஸ் என்று ஒன்று பல வருடமாக இருக்கிறது. அதில் கேள்வியை நடுவில் யாரும் படிக்க முடியாது. பதில் சொல்பவர் தாம் இன்னார்தான் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். ஆள் மாறினால் இணைப்பு அறுந்துவிடும், பொய்ப் பதில் வராது. இதை அறியாதவர் பிள்ளைகள் இடத்துக்கு வடிகட்டி போடக் காசு வாங்கக் கூடாது. அறிந்தும் அந்த அரைமணி நேர வேலையைச் செய்யாமல் போனார் என்றால், அதற்கு நான் என்ன பெயர் வைப்பது?

செப்டம்பர் 7-ஆம் தேதி எம்சிஎம்சி விளக்கம் கொடுத்தது. தீய தளங்களிலிருந்து மக்களைக் காக்கத்தான் இந்த நடவடிக்கை என்றார்கள். 2018 முதல் 2024 ஆகஸ்டு 1 வரை 24,277 தளங்களை முடக்கியிருப்பதாகவும், அதில் 39 விழுக்காடு சூதாட்டம், 31 விழுக்காடு ஆபாசம் என்றும் கணக்குக் கொடுத்தார்கள். கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 31 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 7,500 தளங்கள், ஆறு ஆண்டுக்கும் மேலான காலத்தில். புதிது புதிதாக முளைக்கும் பக்கங்களை வகை பிரித்துத் தடுக்கும் ஒரு வடிகட்டியைப் பிடுங்கிவிட்டு, அதன் இடத்தில் இந்தப் பட்டியலை வைப்பது பாதுகாப்பா? பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வந்த நடவடிக்கை, பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் போட்டிருந்த பூட்டைத் திறந்துவிட்டது. இணையத் தணிக்கை, பேச்சுரிமை என்றால் அரசியல்வாதிகளுக்கும் நிருபர்களுக்கும் உரிய விஷயம் என்று நினைத்திருந்த எனக்கு, அது என் வகுப்பறை விஷயமும்தான் என்று அன்றைக்கு விளங்கியது.

மக்கள் கொதித்தார்கள். மறுநாளே, செப்டம்பர் 8, தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் இந்தத் திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்திடம் சொல்லிவிட்டார். அதன் பிறகு எங்கள் வடிகட்டியும் தானாக வேலை செய்யத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. எனக்கு அது நிம்மதி தரவில்லை. ஆதாரம் போய்விட்டதே! பெற்றோர் வந்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது; "டீச்சர் இப்பதான் போட்டிருக்காங்க" என்று பேசினார்கள். நல்லவேளை, அந்த இரண்டு பதில்களையும் தம்பி படம் பிடித்து வைத்திருந்தான். நீங்களும் பழுது வந்தால் முதலில் திரையைப் படம் எடுங்கள், தேதியும் நேரமும் தெரியும்படி. பிறகு போன் செய்யலாம்.

"கூகள் டிஎன்எஸ் எல்லாம் யாருக்கு வேணும்? கெட்டதைப் பாக்குறவனுக்குத்தான்" என்று உறவினர் ஒருவர் கல்யாண வீட்டில் என் முகத்துக்கு நேரே சொன்னார். அவருக்கு மட்டுமில்லை, அப்படி நினைக்கும் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 2015-இல் சரவாக் ரிப்போர்ட் செய்தித்தளம் முடக்கப்பட்டது. அதன் கட்டுரை ஒன்று இருந்ததற்காக 2016 ஜனவரியில் மீடியம் தளம் முழுவதையும் முடக்கினார்கள். அடுத்த மாதம் தி மலேசியன் இன்சைடர் செய்தித்தளம். இவற்றில் எது ஆபாசம், எது சூதாட்டம்? 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் மூன்றாம் பிரிவிலேயே, இந்தச் சட்டத்தில் எதுவும் இணையத் தணிக்கைக்கு அனுமதி தருவதாகப் பொருள்கொள்ளக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியதை மதிக்கச் சொல்வது குற்றமா? குலாயிலும் செடெனாக்கிலும் தரவு மையங்கள் வரிசையாக எழும்புகின்றன. உலகத் தொழில்நுட்ப நிறுவனங்களை ஜொகூர் கைநீட்டி வரவேற்கிறது. அதே ஜொகூரில் ஒரு டியூஷன் சென்டர் தன் கேள்வியைத் தான் விரும்பிய இடத்தில் கேட்க முடியாமல் இருந்தது.

இதற்காக கிளவுட்ஃப்ளேரையோ கூகளையோ நான் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. அவை வியாபார நிறுவனங்கள். நாளைக்கு விதியை மாற்றினால் நான் வேறு சேவைக்கு மாறுவேன். மாறும் உரிமை என் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்போது சென்டரில் செய்திருப்பதைச் சொல்கிறேன். எல்லாம் ஆண்டிராய்டு டேப்லெட்டுகள். உங்களிடமும் அவைதான் இருக்கும். ஆண்டிராய்டு 9 அல்லது அதற்கு மேல் என்றால் நெட்வொர்க் அமைப்புக்குள் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் மூன்று தெரிவுகள் வரும். இங்கேதான் கவனம் வேண்டும். "தானியங்கி" என்பதை விட்டு வைக்காதீர்கள். மறைகுறியீடு கிடைக்காவிட்டால் அது சத்தமில்லாமல் பழைய திறந்த முறைக்குப் போய்விடும். பழைய கதைதான் திரும்பும். சேவையாளரின் பெயரை எழுதும் மூன்றாவது தெரிவை எடுத்து, ஃபேமிலி டாட் கிளவுட்ஃப்ளேர்-டிஎன்எஸ் டாட் காம் என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இதில் நடுவில் யாராவது புகுந்தால் இணையமே நின்றுவிடும். நிற்கட்டும். பிள்ளைகள் புத்தகத்தைத் திறப்பார்கள். விண்டோஸ் 11-இலும் இதற்கு வழி உண்டு. உலாவிகளின் அமைப்பிலும் செக்யூர் டிஎன்எஸ் என்று தனியாக இருக்கும், அங்கேயும் இதே குடும்ப சேவையைப் போட்டுவிடுங்கள். அமைப்புகளைப் பிள்ளைகள் மாற்ற முடியாதபடி கடவுச்சொல் வையுங்கள்.

ரௌட்டரில் உள்ள எண்ணை எடுக்க வேண்டாம், அது கிடக்கட்டும். ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2025 நவம்பரில் அமைச்சர் ஃபாமி, 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கிடையாது என்ற விதி 2026-இல் வரும் என்று அறிவித்தபோது, எங்கள் குழுவில் கைதட்டல் சின்னங்கள் குவிந்தன. அன்று என்னைக் கேள்வி கேட்ட அதே தாயும் கைதட்டினார். அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற அந்த நிம்மதியை நான் ஏற்க மாட்டேன். பிள்ளை பக்கத்தில் இருப்பவர் பூட்டைச் சோதிக்கவில்லை என்றால், எங்கோ இருப்பவர் சோதிப்பாரா?

சோதிப்பது எளிது. நியூடிட்டி டாட் டெஸ்ட்கேட்டகரி டாட் காம் என்று ஒரு பரிசோதனைப் பக்கம் இருக்கிறது. அதில் கெட்டது எதுவும் கிடையாது. ஒவ்வொரு டேப்லெட்டிலும் வாரம் ஒரு முறை அதை அடித்துப் பாருங்கள். மற்ற பக்கங்கள் திறந்து இது மட்டும் திறக்கவில்லை என்றால் வடிகட்டி வேலை செய்கிறது. திறந்தால் அன்றைக்குப் பிள்ளைகள் கையில் டேப்லெட் கொடுக்காதீர்கள். இதையெல்லாம் செய்து தருவதாக யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சேவை இலவசம், வேலையை நீங்களே செய்யலாம்.