முதலில் டேட்டாவை எடு

அன்புத் தம்பிக்கு,

கடை திறந்துவிட்டாய் என்று கேட்டதில் பெரிய சந்தோஷம். உன் கேள்வியையும் படித்தேன். பழைய லேப்டாப், ஆன் ஆகவே பத்து நிமிஷம், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதத்தைவிட்டு இறங்குவதில்லை, "விண்டோஸை மறுபடி போட்டுக் கொடுத்துவிடட்டுமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். போடாதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மெதுவாக ஓடும் டிஸ்க் வேறு, செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் வேறு. 4 ஜிபி ராமும் 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷினில் விண்டோஸ் 10 ஓடினால் நல்ல டிஸ்க்குகூட நூறைத் தொடும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த 320 ஜிபி மெஷின்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் பலவற்றுக்கு வெறும் களைப்புதான். அதனால் நூறு என்ற எண்ணோடு நிறுத்தாமல் அதற்குக் கீழேயும் படி. படிக்கும் வேகம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில், ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்ட் என்றிருந்தால் டிஸ்க் எங்கோ ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஈவன்ட் வியூவரில் டிஸ்க் என்ற பெயரில் ஈவன்ட் 7 வரிசையாகக் கிடந்தால், பேட் பிளாக் இருக்கிறதென்று விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது.

அப்புறம் ஸ்மார்ட், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் நீலமா மஞ்சளா என்று பார்ப்பதோடு விட்டுவிடாதே. 05 என்பது டிஸ்க் ஏற்கெனவே கைவிட்டு, மாற்றிடம் ஒதுக்கிய செக்டார்களின் கணக்கு. சி5 என்பது படிக்க முடியாமல் இன்னும் இழுபறியில் இருப்பவை. நான் முதலில் பார்ப்பது சி5-ஐத்தான், ஏனென்றால் கஸ்டமரின் ஏதாவது ஒரு ஃபைல் இந்த நிமிஷமே அங்கே மாட்டிக்கொண்டிருக்கலாம். ராவ் வேல்யூவை அந்த சாஃப்ட்வேர் ஹெக்ஸில் காட்டும். 10 என்று தெரிந்தால் அது பதினாறு. சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்மேல் பழி போடாதே. கனெக்டரைக் கழற்றி ரிப்பன் கேபிளின் மடிப்பைப் பார், குற்றம் பெரும்பாலும் அங்கேதான்.

ஸ்மார்ட் நல்லது என்று சொன்னால் அதை முழுதாக நம்பவும் வேண்டாம். கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் தங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் ஸ்கேன் எரர் காட்டிய டிஸ்க், எரரே காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளுக்குள் கெட்டுப்போக 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று அதில் வந்தது. அதே ஆய்வில், கெட்டுப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. சிவப்பு காட்டினால் நம்பு. நீலம் காட்டினால் தைரியம் கொள்ளாதே.

இப்போது 'போடாதே'வுக்கு வருகிறேன். ஹார்ட் டிஸ்க்கின் ஹெட், தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு செக்டார் படிக்கவில்லை என்றால் டிஸ்க் உடனே கைவிடாது; அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் முயலும். தட்டில் கீறல் விழுந்திருந்தால் ஒவ்வொரு முயற்சியும் அந்தக் கீறலை வளர்க்கலாம். ஆக, இந்த டிஸ்க்கில் படிக்கும் சக்தி அளவோடுதான் மிச்சம் இருக்கிறது, அதை நாம் எதற்குச் செலவழிக்கிறோம் என்பதுதான் கேள்வி. விண்டோஸைப் போட்டால் கஸ்டமரின் ஃபைல்கள்மேலேயே எழுதுவாய். செக்டிஸ்க்கை ஸ்லாஷ் ஆர் போட்டு ஓட்டினால் ஒரு ஃபைலும் வெளியே வராமல் தட்டு முழுதும் படித்து முடியும், அதோடு ஃபைல் சிஸ்டத்தையும் அது மாற்றி எழுதும். வைரஸ் ஸ்கேன், டிஃப்ராக், ஃபுல் சர்ஃபேஸ் டெஸ்ட் எல்லாமே இப்படித்தான். ஆன் செய்ததும் திரையில் 'ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங்' என்று ஓட ஆரம்பித்தால் அதை முடியவிடாதே. டிஸ்க் என்ன நிலையில் என்று தெரிந்துவிட்டதா, மெஷினை நிறுத்து.

நிறுத்திவிட்டுக் கஸ்டமரிடம் உட்கார்ந்து பேசு. "டேட்டா வேணுமா?" என்று மட்டும் கேட்டால் "ஃபோட்டோ மட்டும் போதும்" என்பார்கள். அவர்களுக்கே தெரியாததை நீதான் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் என்றால் டேலி இருக்கிறதா என்று கேள். அந்த டேட்டா டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ இருக்காது, தனி ஃபோல்டரில் இருக்கும். பழைய ஆசிரியர், எழுத்தாளர், டிடிபி சென்டர் என்றால் எதில் தமிழ் டைப் செய்தார்கள் என்று கேள். தமிழக அரசு யூனிகோடை ஏற்றதே 2010-இல்தான். அதற்கு முன்னும், பின்னும் பல வருஷம், பாமினி, வானவில் ஃபான்ட்களில் அடித்த ஃபைல்கள் ஏராளம். ஃபைலை மட்டும் எடுத்துக் கொடுத்தால் புது மெஷினில் திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டிக் கிடக்கும். ஒருவர் இருபது வருஷமாக எழுதியது அழிந்துபோனதென்றே நினைத்துக்கொள்வார். விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடு.

எடுக்கும் முறைக்கு வருகிறேன். பின்மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்று, பிறகு டிஸ்க்கை எடு. டெஸ்க்டாப்பின் சாட்டா போர்ட்டில் நேராக மாட்டு. மலிவான யூஎஸ்பி அடாப்டர்கள் எரர் வந்தால் தொங்கிவிடும். லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூவை ஓட்டு. அது முதலில் நன்றாகப் படிக்கும் பகுதிகளை அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பும். சாகிற டிஸ்க்குக்கு இந்த வரிசைதான் வேண்டும். எதை எங்கே எழுதுகிறோம் என்பதை மாடல் பெயரும் சீரியல் நம்பரும் பார்த்து உறுதி செய்துகொள். மூலமும் இலக்கும் மாறினால் வெற்று டிஸ்க் கஸ்டமரின் டேட்டாமேல் ஏறிவிடும். எதுவரை முடிந்தது என்று குறித்துவைக்கும் மேப்ஃபைலை இன்னொரு பென்டிரைவில் வை. லைவ் சிஸ்டத்தின் ஹோம் ஃபோல்டர் இருப்பது ராமில். நடுராத்திரி கரன்ட் போனால் அதுவும் போய்விடும். யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் கைவைக்காதே. பிரதி முடிந்தபின் செக்டிஸ்க்கோ ரெக்கவரி சாஃப்ட்வேரோ எதை ஓட்டினாலும் பிரதியில் ஓட்டு.

டிஸ்க் டக், டக் என்று சீராகத் தட்டினால் இதில் எதுவுமே செய்யாதே. ஹெட் போயிருக்கலாம். கிளீன் ரூம் உள்ள லேபுக்குத்தான் அது போக வேண்டும். செலவு அதிகமாகும் என்று நேராகச் சொல்லிவிடு. மூடியைத் திறந்து பார்ப்பதும், ஃப்ரீசரில் வைப்பதும் அந்த லேபுக்கு இருக்கும் கடைசி வாய்ப்பையும் கெடுத்துவிடும்.

புது டிஸ்க் விஷயம் சுலபம். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டால் பழைய மெஷினும் பிழைத்துக்கொள்ளும். பழைய டிஸ்க் 9.5 எம்எம் கனம், புதியது 7 எம்எம் என்றால் ஸ்பேசர் வைத்து இறுக்கு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது என்பதையும், இந்த வயது மெஷின்களில் 11-ஐ முறைப்படி போட முடியாது என்பதையும் மறைக்காதே. எஸ்எஸ்டி வந்துவிட்டால் இனிக் கவலையில்லை என்றும் சொல்லாதே. அது தட்டாது, முனகாது, ஒருநாள் பயாஸிலேயே தெரியாமல் போகும். பேக்கப் எடுக்கக் கற்றுக் கொடுத்து அனுப்பு.

டேட்டா எடுப்பதற்குக் கூலியைத் தனியாகப் பேசு. முழுதாக வரும் என்று வாக்குக் கொடுக்காதே. எடுத்தது சரியா என்று பார்க்க இரண்டு மூன்று ஃபைலைக் கஸ்டமரையே உட்காரவைத்துத் திறக்கச் சொல். அவர்கள் வீட்டுப் படங்கள் நாம் பார்ப்பதற்கு அல்ல. பழைய டிஸ்க்கை உன் மேசை டிராயரில் சேர்த்துவைக்காதே, காயலான் கடைக்கும் போடாதே. செத்த டிஸ்க்கிலும் அவர்களுடைய ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்டும் இருக்கின்றன. ஆன்டிஸ்டேட்டிக் கவரில் போட்டு, தேதி எழுதி, அவர்கள் கையிலேயே கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்கு. உன்னிடம் உள்ள பிரதியை எத்தனை நாளில் அழிப்பாய் என்பதையும் அதே ரசீதில் எழுதிவிடு.

அந்த லேப்டாப்பின் சி5 எண்ணை மட்டும் இன்றைக்கே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்