மாடலிங் ஆம்ப் வாங்கப் போகிறீர்களா? முதலில் காலைக் கேளுங்கள்

பல ஆம்ப்களின் ஓசையை ஒரே பெட்டிக்குள் டிஜிட்டல் முறையில் உருவாக்கித் தருவது மாடலிங் ஆம்ப். லைன் 6 நிறுவனம் 1996-ல் ஆக்ஸிஸ் 212 என்ற ஆம்பைக் கொண்டு வந்து இதற்கு வழி திறந்தது. இன்று கிதார் பழகும் பிள்ளைகள் பலருக்கு முதல் ஆம்பே இதுதான். கடைக்குப் போகிறவர்கள் ஓசையைக் கேட்கிறார்கள், வாட் கேட்கிறார்கள், விலை பேசுகிறார்கள். காலால் மிதித்து ஓசை மாற்றும் ஃபுட்ஸ்விட்ச் பற்றிய பேச்சே வருவதில்லை. ஆனால் வாசிக்கும்போது இரண்டு கையும் கிதாரில்தான் இருக்கும். உள்ளே நூறு ஓசை இருந்தாலும், பாட்டின் நடுவே உதவப்போவது காலுக்கு எட்டுகிற நாலைந்துதான்.

1. கடைக்குக் கிளம்பும் முன், நீங்கள் வாசிக்கும் பாட்டுகளை எழுதி, எந்த இடத்தில் ஓசை மாற வேண்டும் என்று குறியுங்கள். சர்ச் பாடகர் குழுவிலோ மெல்லிசைக் குழுவிலோ வாசிப்பவருக்குப் பெரும்பாலும் கிளீன், கிரஞ்ச், லீட் என்று மூன்று, கூடவே எதிரொலி தரும் டிலேயைப் போட்டு அணைக்க ஒன்று, ஆக நான்கு பொத்தான் தேவைப்படும். வீட்டில் பழக மட்டும் என்றால் ஒன்றிரண்டு போதும்.

2. எல்லா ஃபுட்ஸ்விட்ச்சும் எல்லா ஆம்புக்கும் பொருந்தாது. ஒரே கம்பெனி, ஒரே வரிசை என்றாலும் நம்பிவிடாதீர்கள். 2016-ல் வந்த முதல் போஸ் கட்டானா வரிசையில், 100 வாட் மாடலுக்கு ஜிஏ-எஃப்சி என்ற பல பொத்தான் பலகை பொருந்தும். 50 வாட் மாடலுக்குப் பொருந்தாது. லைன் 6 ஸ்பைடர் ஆம்ப்கள் பலவற்றில் எஃப்பிவி பலகைக்கான துளை, கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிள் செருகும் துளையைப் போலவே இருக்கும். கேபிளும் அதே வகைதான். அதற்காக அந்தத் துளையை மோடத்துடனோ லேப்டாப்புடனோ ஒருபோதும் இணைக்கக் கூடாது. பணம் கட்டும் முன் ஆம்பின் கையேட்டைத் திறந்து, எந்த ஃபுட்ஸ்விட்ச்சின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். கடைக்காரர் வாய்வார்த்தை இதில் போதாது.

3. ஸ்விட்ச்சில் இரண்டு வகை உண்டு. ஒன்று லாட்சிங்: ஒருமுறை மிதித்தால் இணைப்பு நிலைத்து நிற்கும், மறுமுறை மிதித்தால் விட்டுப்போகும். மற்றது மொமென்டரி: மிதித்திருக்கும் நேரம் மட்டும் நிலை மாறும், காலை எடுத்தால் பழையபடி ஆகிவிடும். போஸின் எஃப்எஸ்-5எல் முதல் வகை, எஃப்எஸ்-5யு இரண்டாவது. உருவத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் மாற்றி வாங்கிவிடுவது சுலபம். மாற்றி வாங்கினால், இரண்டு முறை மிதித்தால்தான் ஒருமுறை சேனல் மாறும், அல்லது காலை எடுத்ததும் ஓசை பழையதற்கே திரும்பும். கையிலுள்ள ஸ்விட்ச் எந்த வகை என்று தெரியாவிட்டால் மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, பின்னின் நுனியிலும் தண்டிலும் முனைகளைத் தொட்டுக்கொண்டு மிதித்து விடுங்கள். காலை எடுத்த பிறகும் பீப் மாறிய நிலையிலேயே இருந்தால் லாட்சிங். கீபோர்டின் சஸ்டெயின் பெடல் மொமென்டரி வகை. ஆம்ப் அதை ஏற்குமானால் புதிதாக வாங்கவே வேண்டாம்.

4. பின்னில் ஒரு கறுப்பு வளையம் இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ. இரண்டு பொத்தானோ அதற்கு மேலோ உள்ள பலகைகளுக்குப் பெரும்பாலும் ஸ்டீரியோ கேபிள் வேண்டும். கிதார் கேபிள் மோனோ. அதைச் செருகிவிட்டு பாதிப் பொத்தான் வேலை செய்யவில்லை என்று பலகையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

5. கடையில் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது. டிலேயைக் கூட்டி வைத்து ஒரு கார்டை மீட்டி, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ப்ரீசெட்டுக்கு, அதாவது சேமித்து வைத்த அடுத்த ஓசைக்கு, மிதியுங்கள். பல ஆம்ப்களில் ஓசை ஒரு நொடிப்பொழுது அறுந்து, டிலேயின் வால் சட்டென்று வெட்டுப்படும். வேகமான பாட்டில் இது தெரியாது. மெதுவான பாட்டில் பளிச்சென்று உறுத்தும். அப்படிப்பட்ட ஆம்பில், ப்ரீசெட் மாற்றாமல் அதே ப்ரீசெட்டுக்குள் டிஸ்டார்ஷனையோ டிலேயையோ மட்டும் போட்டு அணைக்க ஃபுட்ஸ்விட்ச் இடம் தருகிறதா என்று பாருங்கள். இந்த வசதி ஒன்றுக்காகவே நான் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கச் சொல்வேன்.

6. வாட் எண்ணில் மயங்க வேண்டாம். மற்றவை சமமாக இருந்தால் 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல்தான். இரட்டிப்புச் சத்தம் அல்ல. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் வாட்டைக் குறைக்கும் வசதியைத் தேடுவது நல்லது. கட்டானா 50-ல் 0.5 வாட் வரை இறக்கலாம்.

7. இரவில் பழக ஹெட்ஃபோன் துளை, வீட்டில் பதிவு செய்ய யுஎஸ்பி இருக்கிறதா என்று பாருங்கள். புளூடூத் இருந்தால் கூடவே ஓடும் பாட்டைக் கேட்க மட்டும் பயன்படுத்துங்கள். சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனில் கிதாரைக் கேட்டால், மீட்டிய பிறகுதான் ஓசை வரும், தாளம் கெடும்.

8. தாளத்துக்குத் தட்டி வேகத்தைச் சொல்லும் டாப் டெம்போ பொத்தான் டிலேக்கு உயிர். இல்லாவிட்டால் கணக்கு இது: 60,000-ஐ பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டுக்கான மில்லி நொடி கிடைக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் 500. அதில் முக்கால், அதாவது 375 வைத்தால் துள்ளலான டிலே வரும். காலால் போடும் ட்யூனர் இருந்தால் இரண்டு பாட்டுக்கு நடுவே சத்தமில்லாமல் சுதி சேர்க்கலாம். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பர் தனியாகப் பழகுபவருக்கு நல்ல துணை, குழுவில் அவ்வளவாக உதவாது.

9. ப்ரீசெட்டுகளின் அளவை வீட்டில் மெதுவாக வைத்து முடிவு செய்யாதீர்கள். குறைந்த சத்தத்தில் காதுக்கு பாஸும் டிரெபிளும் குறைவாகவே கேட்கும். அதைச் சரிக்கட்ட இரண்டையும் ஏற்றிவிடுவோம். மேடையில் சத்தம் கூடியதும் அதே ப்ரீசெட் அடியில் குமுறும், மேலே கீச்சிடும், கிதார் மட்டும் காணாமல் போகும். ஒத்திகையில், டிரம்ஸ் ஓடும்போது மிடிலைக் கூட்டிச் சரிசெய்து சேமியுங்கள். லீட் ப்ரீசெட் மற்றவற்றைவிடச் சற்றே உரக்க இருக்கட்டும்.

10. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வருவதானால், பின்பக்கத்தில் அச்சிட்ட வோல்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100, நமக்கு 230. அந்த ஆம்பை நேராக இங்கே செருகினால் ஃபியூஸ் போகும், சில சமயம் அதற்கு மேலும் போகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கூடவே வாங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தால் இங்கேயே வாங்குவது மேலாக இருக்கலாம்.

11. வீட்டில் வெறுங்காலோடு மிதிக்கிறோம், மேடையில் ஷூவோடு. பொத்தான்கள் நெருங்கி இருந்தால் ஷூ இரண்டை ஒன்றாக அமுக்கிவிடும். ஷூ போட்டுக்கொண்டே கடைக்குப் போய், நின்றபடி, பலகையைக் குனிந்து பார்க்காமல் மிதித்துப் பாருங்கள்.