வயலுக்குப் பொலித்தீன் ஆகாது

கண்டி வாவியினின்று புறப்படும் மெத எல ஓடை நகரினூடாகச் சென்று கெட்டம்பையருகே மகாவலி கங்கையிற் கலக்கின்றது. ஓடையில் வீசப்படும் பொலித்தீனும் அவ்வழியே கங்கையைச் சேரும். 1976ஆம் ஆண்டு முதல், பொல்கொல்லையில் மகாவலி நீரின் ஒரு பகுதி உலர்வலய வயல்களுக்குத் திருப்பப்படுகின்றது. ஆகவே ஒருவர் எறியும் கழிவு மற்றொருவரின் பாசன நீரைக் கெடுக்கும்.

பொலித்தீன் மண்ணில் எளிதில் உக்குவதில்லை. அதன் துண்டுகள் வேரோட்டத்தையும் நீர் கீழிறங்குவதையும் தடுக்கும், வாய்க்காலை அடைக்கும். எரித்தாலோ நச்சுப்புகை எழும். சோறு கட்டும் பொலித்தீன் தாள் 2017 செத்தெம்பர் 1 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை:

1. வயலுக்குக் கொண்டுசெல்லும் உணவை வாழையிலையிற் கட்டுக. அல்லது தூக்குப் பாத்திரத்தில் எடுத்துச் செல்க.

2. மரக்கறியைச் சந்தைக்குப் பைகளில் அடைத்து அனுப்பாது, கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய பெட்டிகளில் அனுப்புக. இதனால் காய்கள் நசுங்குவதும் குறையும்.

3. நாற்றுக்களை வாழைமடற் கிண்ணங்களில் வளர்த்து, கிண்ணத்துடனேயே நடுக.

4. வெறுமையான பீடைநாசினிப் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றுக. பின்னர் போத்தலைத் துளையிடுக. அதில் குடிநீரோ எண்ணெயோ வைத்தலாகாது.

5. நகரக் குப்பையினின்று ஆக்கிய கூட்டெருவைச் சலித்து, பொலித்தீன் துண்டுகளை அகற்றிய பின்னரே நிலத்திலிடுக.

ஒரு போகத்தில் மண்ணிற் புதையும் பொலித்தீனைப் பல போகம் உழுதும் அகற்றல் அரிது. புதையாது காத்தலே எளிது. ஐயமுள்ளோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.