எர்லாங் கண்ட கணக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரங்களில் தொலைபேசி விரைந்து பரவியது. பேச விழைந்தோர் பலர். தொலைபேசி நிலையங்களை இணைத்த கம்பித் தடங்களோ சில. தடங்கள் குறையின், நோயுற்றார்க்காக மருத்துவரை அழைப்பவருக்கும் இணைப்புக் கிட்டாது. ஆளுக்கொரு தடம் அமைப்பின், பெரும்பொருள் வீணாகும். அங்ஙனமாயின், எத்தனை தடங்கள் போதும்? இவ்வினாவிற்கு விடை கண்டவர் டென்மார்க்கு நாட்டுக் கணித அறிஞர் அக்னர் கிராருப் எர்லாங் ஆவார்.

1878-ஆம் ஆண்டில் பிறந்த எர்லாங், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, 1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். ஒருவர் எப்பொழுது அழைப்பார், எவ்வளவு நேரம் பேசுவார் என்பதை முன்னரே அறிதல் இயலாது. ஆயினும், பலருடைய அழைப்புகளை ஒருங்கே நோக்கின் அவற்றுள் ஓர் ஒழுங்கு புலப்படும் என்பதை அவர் 1909-இல் காட்டினார். பேசுவோர் யாவர், பேசும் பொருள் யாது என்பனவற்றை அவர் விலக்கினார். மணிதோறும் வரும் அழைப்புகள், உரையாடலின் சராசரி நேரம், தடங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையே கருதினார். அழைப்புகள் ஒன்றையொன்று சாராமல் வரும் என்றும், இணைப்புப் பெறாத அழைப்பு மீண்டும் வாராது என்றும் கொண்டு, 1917-இல் ஒரு வாய்பாட்டை வெளியிட்டார்.

மணிக்குச் சராசரியாக 20 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் நீள்கிறது எனக் கொள்வோம். மொத்தம் 60 நிமிடமே. ஆதலின் ஒரு தடம் போதும் என்று தோன்றும். ஆனால், அழைப்புகள் வரிசையாகக் காத்து வருவன அல்ல. ஒருவர் பேசும்பொழுதே மற்றவரும் அழைப்பார். எனவே, ஒரு தடமே இருப்பின் அழைப்புகளுள் பாதி இணைப்பின்றிப் போகும். இரண்டு தடங்கள் இருப்பின் ஐந்தில் ஒன்றும், மூன்று இருப்பின் பதினாறில் ஒன்றும், நான்கு இருப்பின் அறுபத்தைந்தில் ஒன்றும் அவ்வாறு போகும். சில தடங்களைக் கூட்டுவதால் விளையும் பெரும்பயன் இதனால் விளங்கும்.

இக்கணக்கிற்கும் எல்லை உண்டு. புயலும் வெள்ளமும் நேருங்கால், இணைப்புப் பெறாதவர் மீண்டும் மீண்டும் அழைப்பர். அப்பொழுது, இழந்த அழைப்பு மீளாது என்ற கொள்கை பொருந்தாது. வாய்பாடு கூறுவதினும் மிகுதியான அழைப்புகள் தவறும். ஆகவே, எதனை விலக்கிக் கணக்கிட்டோம் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

எர்லாங் 1929-இல் மறைந்தார். 1946-இல் தொலைபேசிப் போக்குவரத்தின் அலகிற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. பின்னாளில் கைப்பேசி அமைப்புகளைத் திட்டமிட்டோரும் அவருடைய வாய்பாட்டைக் கையாண்டனர். தள்ளுவன தள்ளிக் கொள்ளுவன கொள்ளும் தெளிவே சிக்கலான செயலையும் எளிய கணக்காக்கும் என்பதற்கு அவர்தம் பணி சான்றாகும்.