எலிக்கு யார் வயல் என்று தெரியாது

சம்பாவும் தாளடியும் தூர் கட்டிப் பொதிக்கு வரும் பருவம் இது. காவிரிப் படுகையிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எலியைப் பற்றியே இருப்பதால், இந்த முறை அவற்றை மட்டும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு எட்டு மா சம்பா. நட்டு ஐம்பது நாள் ஆகிறது. வயலின் நடுவில் திட்டுத் திட்டாகப் பயிர் அறுந்து கிடக்கிறது; ஓரமெல்லாம் நன்றாக இருக்கிறது. குருத்துப்பூச்சி என்று கடையில் மருந்து கொடுத்தார்கள், அடித்தும் நிற்கவில்லை. எலியாக இருந்தால் இரவில் கம்பி கட்டி மின்சாரம் விடு என்கிறார் பக்கத்து வயல்காரர். செய்யலாமா, ஐயா?
— விவசாயி, திருவையாறு வட்டம்

பதில்: மின்சாரம் வேண்டவே வேண்டாம். தண்ணீர் நிற்கும் வயலில் மின்சாரம் விட்டால் அது எலியோடு நிற்பதில்லை. மடை திருப்ப இரவில் போகிறவர், விடியலில் புல் அறுக்க வருகிறவர், மேயும் மாடு, சில சமயம் கம்பி கட்டிய விவசாயியே அதில் சிக்கி இறந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட சாவுகள் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. அது சட்டப்படியும் குற்றம். உயிர் போனால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு வழக்கு வரும். உங்கள் பக்கத்து வயல்காரரிடமும் இதைச் சொல்லுங்கள்.

இனி, எலியா பூச்சியா என்று பார்ப்போம். குருத்துப்பூச்சி தாக்கிய பயிரில் நடுக்குருத்து காய்ந்திருக்கும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். எலி கடித்த தூர், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கத்தியால் சீவியதுபோல் சாய்வாக அறுபட்டிருக்கும். ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் வெட்டுவதும் எலியின் வழக்கம்தான், அங்கே அதற்கு மறைவு அதிகம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது எலியேதான். பூச்சிமருந்தை நிறுத்திவிடுங்கள். அது எலியை ஒன்றும் செய்யாது. பூச்சிகளைத் தின்னும் சிலந்தியையும் தட்டானையும்தான் கொல்லும்.

நெல் வயலில் அதிகச் சேதம் செய்வது கரம்பை எலி. புல் எலியும் வயல் சுண்டெலியும் கூட உண்டு. கரம்பை எலி வரப்பில் வளை தோண்டும். வாயை மண்ணால் அடைத்து வைக்கும். வளைக்கு வெளியே புது மண் குவிந்திருந்தால் உள்ளே எலி இருக்கிறது என்று பொருள். ஐயமாக இருந்தால், மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். எவை திறந்திருக்கின்றனவோ அவற்றில்தான் எலி குடியிருக்கிறது. பொறி, இரை எல்லாம் அங்கே வைத்தால் போதும்.

வரப்பைக் கவனியுங்கள். அகலமான வரப்புதான் எலிக்கு வீடு. ஒன்றரை அடி அகலத்துக்கு மேல் போகாமல் அண்டை வெட்டி, புல்லைச் செதுக்கி வைத்தாலே வளை தோண்ட இடம் குறைந்துவிடும். அடுத்த நடவுக்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். வயலை ஒட்டிய வைக்கோல் போரும் புதரும் கோடைக்காலத்தில் எலி தங்கும் இடங்கள். அவற்றைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாக எலி மருந்து வைக்கிறேன். முதல் நாள் நாலைந்து சாகிறது. பிறகு மருந்தைத் தொடுவதே இல்லை. மருந்தில் கலப்படமா?
— விவசாயி, மன்னார்குடி

பதில்: கலப்படமாக இருக்க வேண்டியதில்லை. எலிக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனதை வெளியே தள்ள முடியாத உயிர் என்பதால், புது உணவு எதையும் முதலில் கொஞ்சமாகக் கடித்துப் பார்க்கும். துத்தநாக பாஸ்பைடு என்ற எலி மருந்து வயிற்று அமிலத்தோடு சேர்ந்ததும் நச்சுவாயுவாக மாறி உடனே வேலை செய்யும். நிறையத் தின்றது சாகும். கொஞ்சமாகத் தின்றது நோய்ப்பட்டுப் பிழைக்கும், அந்த இரையை மறுபடி தொடாது. அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத பொரியையோ அரிசியையோ வைத்து எலியைப் பழக்கிய பிறகே மருந்து கலந்து வைக்கச் சொல்கிறார்கள். இதை விட்டுவிட்டு நேரே மருந்து வைத்தால் நீங்கள் கண்டதுதான் நடக்கும்.

புரோமடியோலோன் வேறு வகை. அது இரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாள் கழித்துக் கொல்லும். எதைத் தின்றதால் நோய் வந்தது என்று எலிக்குத் தெரியாததால் ஒதுங்காது. ஆனால் அந்தச் சில நாட்களும் அது தள்ளாடித் திரியும். ஆந்தைக்கும் கீரிக்கும் அதுதான் எளிதாக அகப்படும்; தின்றால் நஞ்சு அவற்றுக்கும் ஏறும். இலவசமாக எலி பிடிக்கும் காவலாளியை நாமே கொன்றுவிட்டு, அடுத்த ஆண்டு இன்னும் அதிக மருந்து வாங்குகிறோம்.

மருந்து வேறு வழியில்லாதபோது கடைசியாகக் கையில் எடுக்க வேண்டியது. அதுவும் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு, எலி குடியிருக்கும் வளைக்குள் மட்டும் வையுங்கள். செத்த எலியைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதையுங்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். மீந்த மருந்தை வீட்டுக்குள் வைக்க வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். குழந்தையோ பெரியவரோ எந்த எலி மருந்தை விழுங்கினாலும், பார்க்க நன்றாக இருக்கிறாரே என்று காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது கிட்டிதான். தஞ்சாவூர்க் கிட்டி என்று வேளாண் பாடநூல்களிலேயே பெயர் பெற்ற பொறி இந்த மண்ணுடையது. மூங்கிலையும் கயிற்றையும் கொண்டு வில்லாக வளைத்துக் கட்டியது. இரையைத் தேடி எலி தலையை நுழைத்ததும் வில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கும். மாலையில் எலி நடமாடும் தடத்தில் வைத்து, காலையில் எடுக்கலாம். நஞ்சு இல்லை, மின்சாரம் இல்லை. எத்தனை எலி விழுந்தது என்று கண்ணால் எண்ணிப் பார்க்கலாம். கிட்டி வைப்பவருக்கு எலியின் தடமும் நேரமும் தெரியும். அந்த அறிவுக்குத் தகுந்த கூலி கொடுங்கள். பேரம் பேசிப் பேசியே அந்தத் தொழிலை நம் ஊர்களில் அருக வைத்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுப் பரணில் முகம் வெளுத்த பெரிய ஆந்தை ஒன்று குஞ்சு பொரித்திருக்கிறது. ராத்திரி எல்லாம் சீறுகிறது. வீட்டுக்கு ஆகாது, விரட்டிவிடு என்கிறார் மாமியார். எனக்கோ மனசு வரவில்லை. என்ன செய்ய?
— இல்லத்தரசி, கும்பகோணம் அருகே

பதில்: விரட்டாதீர்கள், அம்மா. நீங்கள் சொல்லும் வெளுத்த முகத்தை வைத்துப் பார்த்தால் அது கூகை. கோயில் கோபுரம், பழைய வீட்டுப் பரண், பனைப் பொந்து இவைதான் அதற்குக் கூடு. சீறுவது பெரும்பாலும் பசித்த குஞ்சுகள்தான். குஞ்சு பறந்துவிட்டால் சத்தம் தானே அடங்கும்.

மாமியாரிடம் பேச உங்களுக்குக் கொஞ்சம் செய்தி தருகிறேன். கூகையின் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. ஒலி இரண்டுக்கும் வந்து சேரும் வேறுபாட்டை வைத்தே, கும்மிருட்டிலும் எலி எங்கே ஓடுகிறது என்று அது கண்டுபிடித்துவிடும். சிறகின் விளிம்பு மெல்லிய இழைகளாகப் பிரிந்திருப்பதால் பறக்கும் ஓசை எலிக்குக் கேட்பதில்லை. இரையை முழுதாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். பரணுக்குக் கீழே கிடக்கும் அந்தக் கறுத்த உருண்டை ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்துப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே எலியின் மண்டை ஓடும் பல்லும் இருக்கும். கூகை எதைத் தின்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்களும் இப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள். உங்கள் வீட்டு நெல்லைக் காப்பது யார் என்று மாமியாருக்கு அதுவே சொல்லிவிடும்.

மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் எலியைக் குறைக்கக் கூகைக்கென்றே கூண்டு செய்து வைக்கிறார்கள். உங்கள் பரணுக்கு அது தானாக வந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம் என்பதையும் சொல்லி வையுங்கள். எச்சம் விழுமிடத்தில் பழைய சாக்கை விரித்துவிட்டால் வீடு அசுத்தமாகாது.

வயல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நட்டதும் ஏக்கருக்குப் பதினைந்து இருபது இடங்களில் ஆள் உயரக் குச்சியில் குறுக்குக் கட்டை கட்டியோ, தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டோ வையுங்கள். இரவில் ஆந்தை வந்து உட்கார்ந்து வேட்டையாடும். பகலில் கரிச்சான் வந்து பூச்சி பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும்போது எடுத்துவிடுங்கள், இல்லையேல் நெல் தின்னும் குருவிகளுக்கு அது திண்ணையாகிவிடும்.

கேள்வி: நடவுக்குப் போய்வந்த பத்தாம் நாள் என் அக்காவுக்குக் கடும் காய்ச்சல். கெண்டைக்கால் வலியில் நடக்க முடியவில்லை, கண் சிவந்துவிட்டது. எலிக்காய்ச்சல் என்று மருத்துவர் சொன்னார். எங்களை எலி எதுவும் கடிக்கவில்லையே?
— விவசாயத் தொழிலாளி, ஒரத்தநாடு

பதில்: இதற்கு எலி கடிக்க வேண்டியதில்லை. லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, அதன் சிறுநீரில் வெளியேறுகிறது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் உள்ள வெடிப்பு, சேற்றுப்புண், கீறல் வழியாக உடம்பில் நுழைந்துவிடும். கண், வாய் வழியாகவும் போகும். மாட்டின் சிறுநீராலும் பரவலாம். காய்ச்சல் தெரியப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். உங்கள் அக்காவுக்கு வந்த நாள்கணக்கும் அறிகுறிகளும் அதற்குப் பொருந்துகின்றன.

தொடக்கத்திலேயே பார்த்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரையிலேயே குணமாகும். தள்ளிப்போட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகப் பாதிப்பு, நுரையீரலில் இரத்தக் கசிவு வரை போகலாம். வயலில் இறங்கியவருக்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போக வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "சேற்றில் வேலை செய்தேன்" என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் பெரிய துப்பு.

நடவு நடும் பெண்களிடம் ரப்பர் பூட்ஸ் போடு என்று சொல்வது எளிது. சேற்றில் கால் எடுத்து வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். முடிந்ததைச் சொல்கிறேன். காலில் புண் இருப்பவர் அது ஆறும்வரை கரையில் செய்யும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும். சிறு கீறலுக்கு நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள். கரையேறியதும் வாய்க்கால் நீரில் அலம்புவதோடு விடாமல் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சாப்பாட்டுத் தூக்கை வரப்பில் திறந்து வைக்காதீர்கள். நிலம் வைத்திருப்பவர் குடிக்கவும் கழுவவும் சுத்தமான தண்ணீரும் ஒரு சோப்பும் கொண்டு வர வேண்டும். அது தயவல்ல, கடமை.

கேள்வி: இவ்வளவு கெடுதல் செய்யும் எலியை அடியோடு ஒழித்துவிட முடியாதா?
— பள்ளி மாணவி, பாபநாசம்

பதில்: முடியாது, கண்ணு, முடிந்தாலும் கூடாது. சாரைப்பாம்பு, நல்ல பாம்பு, கீரி, நரி, கூகை எல்லாம் எலியை நம்பி வாழ்கின்றன. எலி இல்லாவிட்டால் அவற்றுக்கும் உணவு குறையும். நமக்கு வேண்டியது எலியைக் குறைப்பதுதான். குறைக்க நமக்கு ஒரு காலக்கணக்கு உண்டு.

பெண் எலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வரை. வயலில் அதன் இனப்பெருக்கம் பயிரோடு சேர்ந்து நடக்கிறது. பயிர் பொதி கட்டிக் கதிர் வரும்போதுதான் நல்ல உணவு கிடைத்துக் குட்டி பெருகும். ஆகவே நடவு சமயத்தில் பிடிக்கும் ஒரு பெண் எலி, கதிர் வந்த பிறகு பிடிக்கும் பல எலிகளுக்குச் சமம். நம் ஊரில் நடப்பது தலைகீழ்: சேதம் கண்ணில் பட்ட பிறகுதான் கிட்டியைத் தேடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. முன்பு மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால், தண்ணீர் வந்து சேரும் கணக்கில் ஒரு பகுதி முழுதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நட்டு ஒரே காலத்தில் அறுத்தது. அறுவடைக்குப் பின் எலி பட்டினி கிடந்தது. இன்று ஆழ்துளைக் கிணறு உள்ளவர் முன்னதாகவும், ஆற்றுத் தண்ணீரை நம்பியவர் பின்னதாகவும் நடுகிறார்கள். ஒரு வயல் அறுத்தால் எலி அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. ஆண்டு முழுவதும் அதற்குச் சாப்பாடு. ஒருவர் மட்டும் கிட்டி வைத்தால், அவர் பிடித்த இடத்தைப் பக்கத்து வயல் எலி வந்து நிரப்பிவிடும்.

வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் விவசாயிகள் ஊராகச் சேர்ந்து ஒரு வழி செய்கிறார்கள். சிறு துண்டு நிலத்தில் மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நட்டு, சுற்றிலும் பிளாஸ்டிக் தடுப்பு நிறுத்தி, இடையிடையே திறப்பு விட்டுக் கூண்டு வைக்கிறார்கள். முன்கூட்டி விளையும் பயிரைத் தேடிச் சுற்றுவட்டார எலியெல்லாம் அங்கே வந்து விழும். சுற்றியுள்ள பல ஏக்கர் தப்பும். அந்தத் துண்டு நிலத்தின் செலவை எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நம் வாய்க்கால் பாசனத்துக்கும் இது ஒத்து வரும்.

ஆகவே பெரியவர்களுக்கு உன் மூலமாக இதைச் சொல்லி அனுப்புகிறேன். அடுத்த குறுவைக்கு முன், சித்திரை வைகாசியில், ஒரு வாய்க்காலில் பாயும் விவசாயிகள் எல்லாரும் ஒரு நாள் கூடுங்கள். யார் எப்போது நடுவது என்பதை இரண்டு வார இடைவெளிக்குள் கொண்டுவாருங்கள். ஒரே வாரத்தில் எல்லா வரப்பையும் அண்டை வெட்டுங்கள். கிட்டி வைப்பவருக்குப் பொதுவில் கூலி பேசி, நட்ட முதல் மாதமே இறக்குங்கள். ஆந்தைக் குச்சி நடுங்கள். ஆடுதுறையில் 1922 முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தாரையும் உங்கள் வட்டார வேளாண் அலுவலரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். ஆளுக்கொரு மருந்து டப்பா வாங்கும் பணத்தை ஒன்றாகச் சேர்த்தால் இவ்வளவும் செய்யலாம்.