அடுப்பை ஒட்டிய சுவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கொடைக்கானல் நாயுடுபுரத்து வீட்டுச் சமையலறையை நீ எடுத்தனுப்பிய படம் பார்த்தேன். வத்தலக்குண்டு வீட்டுச் சாமான் அத்தனையும் அந்தச் சின்ன அறைக்குள் ஏறியிருக்கிறது. எதை வைக்க, எதைத் தள்ள என்று கேட்டிருந்தாய். கீழே வத்தலக்குண்டில் பழகிய கணக்கு மேலே மலையில் செல்லாது, அம்மா. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே எந்தச் சாமானுக்கு எந்த இடம் என்பதைக் குளிரும் ஈரமும்தான் தீர்மானிக்கும்.

குக்கரிலிருந்து தொடங்கு. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். பானையில் குமிழி தளதளக்கும், துவரம்பருப்பு மட்டும் வேகாது. ஆகவே குக்கர் எப்போதும் கைக்கெட்டும் மேடையில் இருக்கட்டும். படத்தில் மூன்று தெரிகிறது. தினச் சமையலுக்கு ஒன்று, விருந்தாளி வந்தால் பெரியது ஒன்று, போதும். கைப்பிடி ஆடும் மூன்றாவதைக் கொடுத்துவிட்டு, ஒரு கேஸ்கட் கூடுதலாக வாங்கி வை.

அந்த வீட்டிலேயே விலைமதிப்பான இடம் அடுப்பை ஒட்டிய சுவர். ஈரம் அண்டாத இடம் அது ஒன்றுதான். அங்கே நீ பீங்கான் கோப்பைகளை அடுக்கியிருக்கிறாய்! கோப்பைக்கு என்ன, எங்கே வைத்தாலும் கோப்பைதான். உப்பு ஜாடி, அப்பளம், வற்றல், தீப்பெட்டி, இவற்றுக்கு அந்த இடத்தைக் கொடு. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், ஆவி ஏறும், பக்கவாட்டில் வை. ராத்திரி அடுப்பை அணைத்தபின் இட்லி மாவுப் பாத்திரமும் அங்கேதான் தூங்கவேண்டும். இல்லாவிட்டால் விடிந்தும் மாவு பொங்கியிருக்காது.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கொடைக்கானலில் பெரும்பாலான நாள் அப்படித்தான். குறுகிய வாய்ப் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு நிற்காதே. வாய் அகன்ற டப்பாவில் ஊற்றிவை, கரண்டியால் எடுக்கலாம். நல்லெண்ணெய்க்கு இந்தத் தொல்லை கிடையாது.

மலைக்குப் போனதும் எல்லோருக்கும் ஒரு பயம் வரும்: மழையில் மலைப்பாதை அடைபட்டால் என்ன செய்வது? உடனே ஆறு மாதச் சாமானை வாங்கிக் குவிப்பார்கள். அரிசியைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கலாம். குளிரில் வண்டு கீழே போல வேகமாகப் பெருகாது. வேர்க்கடலை, மிளகாய்த்தூள், ரவை எல்லாம் ஒரு மாதத் தேவைக்கு மேல் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த கடலையைக் கழுவி வறுத்துப் பிழைக்க வைக்கப் பார்க்காதே. அதன் நஞ்சு சூட்டுக்குச் சாகாது, கல்லீரலைக் கெடுக்கும். தூக்கிப் போடு. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் டப்பாவுக்கும் சுவருக்கும் இரண்டு விரல் இடைவெளி விடு. ஐப்பசி மழை பிடிக்கும் முன்னால், வெயில் அடிக்கும் ஒரு நாள் பார்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காயவை.

பூண்டை எப்படி வைப்பதென்று பக்கத்துப் பூம்பாறைக் கிராமத்துக்காரர்களிடம் கேள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அது. தாளோடு கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை காட்டி மாதக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். உன் வீட்டில் விறகடுப்பு இல்லை, சரி. காற்றாடத் தொங்கவிடவாவது ஒரு ஆணி அடி. அதை ஏர்டைட் டப்பாவில் போட்டிருக்கிறாயே, வெந்துபோகும்.

இதெல்லாம் பாட்டி காலத்துப் பேச்சு என்று நினைக்காதே. மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வரைந்தார். அகலம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்பதைக்கூடக் கணக்கில் எடுத்தார். சாமான் போட்டுவைக்க அலுமினிய இழுப்பறைகள். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, புழு அண்டாது என்பதற்காக. இன்றைக்குக் கடையில் ஒரே அளவு, ஒரே நிற டப்பா இருபத்துநான்கு என்று செட்டாக விற்கிறார்களே, அதைவிட எனக்கு இந்த அம்மாள் செய்ததே பிடிக்கிறது. படத்துக்கு அழகாக இருக்கிறதென்று அந்த செட்டை வாங்கிவிடாதே.

இனி கழிப்பது. கதவுக்குப் பின்னால் கேரி பேக் மூட்டை தெரிகிறது. நீ தூக்கிப் போடுவது எங்கே போகும் தெரியுமா? பிரகாசபுரம் குப்பைக் கிடங்குக்கு, பக்கத்திலேயே சோலைக்காடு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்க அந்தப் பைகளுக்குத் தடை. மலையில் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. ஆகவே இனி எதுவும் உள்ளே வராமல் பார், துணிப்பையோடு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போ. காய்கறித் தோலை வாசலில் கொட்டாதே. காட்டெருமை வாசனை பிடித்து ஊருக்குள் வரும். ஒருமுறை ருசி கண்டால் தினமும் வரும். மூடிபோட்ட தொட்டியில் மக்கவிடு, குளிரில் கொஞ்சம் மெதுவாகத்தான் மக்கும்.

மேல் பரணில் இருக்கும் பித்தளை அண்டாவைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அது உன் அம்மாவின் சீதனம், கடையில் போட்டுவிடாதே. உனக்கு இடமில்லையென்றால் பண்ணைக்காடு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடு, நான் ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தி