மிலிட்டரி லாரி: ஏலத்தில் எடுப்பதும் ஓட்டத்துக்குத் தயார் செய்வதும்

படைத்துறை கழித்துவிட்ட டீசல் லாரியை ஏலத்தில் எடுத்து மலைச் சரக்குக்கு ஓட்டினால் கட்டுப்படியாகுமா என்று நம் சங்கத்து வணிகர்கள் சிலர் கேட்கிறார்கள். கொல்லிமலையிலிருந்து வாழை, பலா, மிளகு, மரவள்ளி இறக்குவோருக்கு இந்த ஆசை வருவது இயல்பே. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து தோட்டம் வரை மழைக்காலத்தில் சாதாரண லாரி போகாது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி போகும். தலைச்சுமைக் கூலி மிச்சம். ஆனால் ஏலத்தில் கட்டிய பணத்தை மட்டும் முதல் என்று எழுதிக்கொள்பவர் ஏமாறுவார். வண்டியை ஓட்டத்துக்குத் தகுதியாக்கும் செலவையும் சேர்த்ததுதான் முதல்.

முதலில் ஏல அறிக்கையை நன்றாகப் படிக்க வேண்டும். எம்.எஸ்.டி.சி. என்னும் மத்திய அரசு நிறுவனம் இணையவழியே நடத்தும் ஏலங்களில் சில வண்டிகள் வாகனமாகவும், சில உடைப்புக்காகவும் விற்கப்படுகின்றன. உடைப்புக்கு எடுத்ததை ரோட்டில் ஓட்ட முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி, படைத்துறை வண்டி அரசின் கையை விட்டுப் போனதும் மற்ற வண்டிகளைப் போலப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு 21ஆம் எண் படிவத்தில் படைத்துறை தரும் அசல் விற்பனைச் சான்று வேண்டும். இது கைக்கு வராமல் மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். இடைத்தரகர் "பிறகு வாங்கித் தருகிறேன்" என்றால், அந்தப் "பிறகு" வருவதில்லை.

நம் பக்கம் இரண்டு வகை அதிகம் பேசப்படுகின்றன. ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் ஜபல்பூரில் செய்த சக்திமான் ஒன்று. பழைய ஆட்கள் மூன்று டன் வண்டி என்பார்கள். உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சாமானுக்கு உடைப்புக் கடைதான் கதி. மற்றது அதற்குப் பின் வந்த அசோக் லேலண்ட் ஸ்டாலியன். இரண்டில் எது என்று கேட்டால், சாமான் கிடைப்பதை வைத்து ஸ்டாலியன் என்றே சொல்வோம்.

மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓடித் தேய்ந்த வண்டியைவிட நின்று கெட்ட வண்டிதான் அதிகச் செலவு வைக்கும். நிற்கிற வண்டியில் முதலில் சாவது ரப்பர். ஆயில் சீல், ஹோஸ், பிரேக் வாஷர், பேன் பெல்ட் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட வேண்டும். டயரில் பூ நிறைய இருக்கலாம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். வெடிப்பு விட்ட பழைய டயரில் மலை இறங்குவது டிரைவரின் உயிரோடு விளையாடுவது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில், எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்குகிற சூட்டில் கொதித்து ஆவியாகும். பெடல் அப்படியே பலகை வரை போய்விடும். ஆகவே பழைய ஆயிலை முழுதும் வடித்துப் புதிது ஊற்றாமல் சுமை ஏற்றவே கூடாது. காற்று பிரேக் உள்ள வண்டியில் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும்.

டீசல் டேங்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். துருவும் சேறும் இருந்தால் புது பில்டர் இரண்டு நடையில் அடைத்துக்கொள்ளும். அதையும் தாண்டிப் போனால் பம்ப், நாசில் இரண்டும் போகும். சுத்தம் செய்து பூட்டிய பின், கைப் பம்பை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். இழுவை போதவில்லை என்று பம்ப் ஸ்குரூவைத் திருப்பச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். கறுப்புப் புகையாக நம் காசுதான் வெளியே போகும், பிஸ்டனும் வெந்துபோகும். சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிகிற பழக்கமும் நம் ஊரில் உண்டு. அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடி லைனர் தேயும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதே வழி.

இந்த வண்டிகள் ஆற்றில் இறங்கி ஏறியவை. முன், பின் ஹவுசிங் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஹவுசிங் மேல் மூச்சு விடும் சிறு துளை ஒன்று உண்டு. அது மண்ணால் அடைத்தால் உள்சூட்டில் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே கசியும். சீலை நான்கு தடவை மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்று புலம்புவோர் இந்தத் துளையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முன் சக்கர இழுவையைச் சேற்றிலும் மணலிலும் மட்டும் போட வேண்டும். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் உருள்கிறது. காய்ந்த தார் ரோட்டில் அந்த வித்தியாசம் சறுக்கித் தீர வழியில்லாமல் ஷாப்டையும் கிராஸையும் முறுக்கும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் போட்டாலும் இதே கதிதான்.

மின்சாரம் 24 வோல்ட்; இரண்டு பேட்டரி. ரேடியோவுக்கென்று ஒரு பேட்டரியில் மட்டும் ஒயர் எடுத்தால் அது இளைக்கும், மற்றது மிதமிஞ்சிச் சார்ஜ் ஏறும். தனி ரெடியூசர் போடுங்கள்.

இனி பாடி. நாமக்கல் பட்டறையில் அழகாகவே கட்டித் தருவார்கள். ஆனால் மேடுபள்ளத்தில் இந்தச் சேஸ் முறுக்கிக்கொடுக்கும்படி செய்யப்பட்டது. பாடியைச் சேஸோடு வெல்டிங் வைத்து இறுக்கினால் சில மாதத்தில் வெடிப்பு விடும். யூ போல்ட்டில் கட்டி, ஒரு முனைக்கு ஸ்பிரிங் கொடுக்கச் சொல்லுங்கள். வண்டி ஏற்கெனவே உயரம். கிராதியை மேலும் உயர்த்தினால் வளைவில் சாயும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக எதைச் செய்வதானாலும் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி முன்கூட்டியே வேண்டும். மிலிட்டரிப் பச்சையையும் மாற்றிவிட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 121 அந்த நிறத்தைப் படைத்துறைக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது.

சுமை விஷயத்தில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஸ்டாலியனை 5/7.5 டன் வண்டி என்பார்கள். கரட்டு வழியில் 5, நல்ல ரோட்டில் 7.5 என்பது அதன் பொருள். தோட்டத்தில் ஏற்றும்போது சின்ன எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ரோட்டுக்கு வந்த பின், பதிவுச் சான்று இடம் கொடுத்தால் மீதியை ஏற்றிக்கொள்ளலாம். முதல் நடை முடிந்ததும் எடை மேடையில் முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் நிறுத்திச் சீட்டு வாங்கி டிரைவரிடம் கொடுத்துவையுங்கள். அடுத்த நடைக்கு மூட்டை எத்தனை, எங்கே அடுக்குவது என்பதை அந்தச் சீட்டைப் பார்த்து அவரே சொல்வார்.